மிச்ச நூலில் பிறந்த சதுரம்

ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்ததும் கையில் கொஞ்சம் நூல் மிஞ்சும். எறிய மனம் வராது. வேறு எதற்கும் காணவும் காணாது. எங்கள் அத்தை வீட்டில் இந்த மிச்சமெல்லாம் ஒரு பழைய தலையணை உறைக்குள் போகும். ரோஸ், பாட்டில் பச்சை, மயில் நீலம், யாரோ ஒரு குழந்தைக்குத் தொப்பி பின்னியபோது மீந்த வெள்ளை. வருஷத்துக்கு ஒருமுறை அந்த உறையைத் தரையில் கவிழ்ப்பார். அடுத்த சில வாரங்களில் அத்தனையும் சதுரம் சதுரமாக மாறிவிடும். சதுரங்களை ஒன்றோடொன்று கோத்தால் தோள்பை, கழுத்துத் துண்டு, நாற்காலி விரிப்பு.

நடுவில் சின்ன வளையம், அதைச் சுற்றி வண்ணத்துக்கு ஒரு சுற்று, கடைசியில் கறுப்பு விளிம்பு. குரோஷா ஊசியைப் பிடித்த எல்லோருக்கும் இந்தச் சதுரம் தெரியும். ஆங்கிலத்தில் கிரானி ஸ்கொயர் என்பார்கள். பாட்டிச் சதுரம் என்றே நாம் சொல்லலாம்.

இதை உருவாக்கியது எந்த நாகரிக உடை நிறுவனமும் இல்லை. அச்சில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று ஒரு விவசாயப் பத்திரிகையில் இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் 1841இல் தொடங்கிய ‘பிரெய்ரி ஃபார்மர்’ என்ற அந்தப் பத்திரிகை, உழவர்களுக்காக வந்தது. வீட்டுப் பெண்களுக்கும் அதில் இடம் இருந்தது. 1885 ஏப்ரல் 4ஆம் தேதி இதழில், இல்லினாய் மாநிலத்தின் நாக்ஸ் மாவட்டத்திலிருந்து திருமதி ஃபெல்ப்ஸ் என்பவர் அனுப்பிய குரோஷா மாதிரி படத்தோடு வெளியானது. இன்று நாம் பின்னுகிற அதே சதுரம். தனக்குத் தெரிந்ததை அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலப் பத்திரிகைக்கு அனுப்பிய ஒரு வாசகி அவர். அந்தப் பெண்மணிதான் முதன்முதலில் பின்னினார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கைவேலை அச்சுக்கு வரும்முன் பல கைகளில் புழங்கியிருக்கும். அதுதான் எங்கும் வழக்கம்.

அந்தக் காலத்தில் அப்படி ஒரு சதுரம் பிறக்கக் காரணங்கள் கூடி வந்திருந்தன. 1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், கொய்னா மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்கப்போய், தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன் பின்னால் வரிசையாகச் செயற்கைச் சாயங்கள் வந்தன. கம்பளி நூல் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. இன்னொரு பக்கம், பெர்லினில் கட்டம் போட்ட தாளில் அச்சான வண்ணப் படங்களைப் பார்த்து, கட்டத்துக்கு ஒரு தையலாகக் கம்பளியில் பூவேலை செய்யும் மோகம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பிடித்திருந்தது. ஒரு ரோஜாப்பூவுக்கே நாலைந்து வகைச் சிவப்பு வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் செலவாகும், மீதி பெட்டியில் கிடக்கும். ஆக, வீட்டுக்கு வீடு பல நிறத்தில் துண்டு நூல் சேர்ந்தது. அதே 1880களில் அமெரிக்கப் பெண்கள் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பதில் தீவிரமாக இருந்தார்கள். துணிக்குச் செய்ததை நூலுக்கும் செய்து பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் சதுரம் ஏன்? வட்டமோ பட்டையோ ஏன் இல்லை? இதன் அழகே இங்குதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டு ஊசி கொண்டு பின்னும் நிட்டிங்கில், ஒரு வரிசையின் அத்தனை கண்ணிகளும் ஊசியில் உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினால் கீழே வரை ஓடிவிடும். அகலமாக ஒன்றைப் பின்ன வேண்டுமென்றால் முதல் வரிசைக்கே நிறைய நூல் வேண்டும். துண்டு நூலை வைத்துக்கொண்டு அதில் திண்டாட வேண்டியதுதான். குரோஷாவில் கொக்கி ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணி. எந்த இடத்தில் வேண்டுமானாலும் நூலை அறுத்து, அந்த ஒரு கண்ணிக்குள் இழுத்து முடிந்துவிடலாம். பால் பொங்கினால் எழுந்து ஓடலாம், பின்னியது பிரியாது.

சதுரம் நடுவிலிருந்து வளர்கிறது. நாலைந்து சங்கிலி போட்டு வளையமாக்க வேண்டும். அந்த வளையத்துக்குள் மும்மூன்று நீளத் தையலாக நான்கு கொத்துகள். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே இரண்டு சங்கிலி விட்டால் நான்கு மூலைகள் வந்துவிடும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் இரண்டு கொத்துகள், ஆக எட்டு. அதற்கடுத்து பன்னிரண்டு, பிறகு பதினாறு. சுற்றுக்கு நான்கு கொத்து கூடும். அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கை நூலின் கண்ணிலிருந்து பாருங்கள். நட்டநடுச் சுற்றுக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவான நூல் போதும். அடுத்ததற்கு ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு, அதற்கடுத்து மூன்று மடங்கு. உறைக்குள் இருப்பதிலேயே மிகக் குட்டையான துண்டு நடுவுக்குப் போகும், கொஞ்சம் நீண்டது அடுத்ததற்கு, இன்னும் நீண்டது வெளியே. எவ்வளவு சின்ன மிச்சத்துக்கும் இந்தச் சதுரத்தில் ஓர் இடம் இருக்கிறது. மிஞ்சியதைப் பயன்படுத்த நினைத்த பெண்கள், மிஞ்சிய நூலின் நீளத்துக்கு ஏற்ப ஒரு வடிவத்தையே செய்துவிட்டார்கள். இதைவிடத் தேர்ந்த வடிவமைப்பு எனக்குத் தெரியாது.

இன்னொன்று, ஊசியைத் தையலின் தலையில் குத்த வேண்டியதில்லை; கொத்துகளுக்கு இடையில் இருக்கும் ஓட்டையில் விட்டால் போதும். பார்வை மங்கிய பாட்டியும் விரலால் தடவியே பின்னிவிடுவார். எட்டு வயதுப் பேத்தியும் ஒரே மாலையில் கற்றுக்கொள்வாள்.

கறுப்பு விளிம்பும் அலங்காரத்துக்காக மட்டும் வந்ததில்லை. மிச்ச நூலில் நிறம் நம் விருப்பப்படி அமையாது. கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வந்து நிற்கும். எல்லாச் சதுரத்துக்கும் கடைசிச் சுற்றை ஒரே நிறத்தில் போட்டுவிட்டால் அத்தனையும் ஒரு குடும்பமாகிவிடும். மாக்கோலத்தைச் சுற்றிக் காவி இழுத்ததும் கோலம் எடுப்பாக நிற்கிறதே, அதேதான்.

1885இல் இதற்குப் பாட்டியின் பெயர் கிடையாது. அது இருபதாம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 முதல் துணிக்கு ரேஷன். பின்னல் நூலுக்கும் கூப்பன் கொடுக்க வேண்டும். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை நனைத்துச் சுருக்கம் நீக்கி, மறுபடி பின்னினார்கள். அந்தத் தலைமுறை சதுரம் சதுரமாகக் கோத்த போர்வைகள் சோபாக்களில் கிடந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் 1960களின் இறுதியிலும் எழுபதுகளிலும் அதே சதுரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். கைவைக்காத மேலாடை, பை, தொப்பி, இடுப்புப் பட்டை என்று சிக்கனத்தின் அடையாளம் இளமையின் அடையாளமாயிற்று. அதன்பிறகு சில வருஷங்களுக்கு ஒருமுறை இந்தச் சதுரம் நாகரிக உலகத்துக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கிறது.

துண்டுகளைச் சேர்த்தே பெரியதைச் செய்யலாம் என்ற இதே வழியில் சென்னையில் ஒரு சாதனையும் நடந்திருக்கிறது. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவின் பெண்கள் தனித்தனியாகப் பின்னியவற்றை ஒன்றாக இணைத்து, 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள்.

நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி ஆகாது என்று தயங்க வேண்டாம். பருத்தி நூலில் செய்யுங்கள். அந்தக் காலத்தில் வயர் கூடை பின்னியவர்கள், மீந்த வயர்களைக் கலந்து சின்னக் கூடை ஒன்று போடாமல் விட்டதில்லை. அந்தக் கை நமக்கு இருக்கிறது. தடிமன் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். மெல்லியதையும் தடித்ததையும் கலந்தால் சதுரம் கோணிக்கொள்ளும். ஒரே ஒரு சதுரம் காபித் தம்ளருக்கு விரிப்பு. இரண்டைச் சேர்த்து மூன்று பக்கம் தைத்தால் சில்லறைப் பை. பதின்மூன்று இருந்தால் தோள்பை.

அந்தப் பதின்மூன்றைப் பற்றி ஒரு வார்த்தை. நிஜமான குரோஷாவைப் பின்னும் இயந்திரம் ஆலைப் புழக்கத்துக்கு இன்னும் வரவில்லை. கடையில் தொங்கும் குரோஷா பை எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் அதை ஒரு கைதான் பின்னியிருக்கிறது. பழகிய கைக்கே ஒரு சதுரத்துக்கு இருபது நிமிஷம் ஆகும் என்று வைத்தால், பதின்மூன்றுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். சதுரத்துக்கு நான்கு நிறம் என்றால், நிறத்துக்கு இரண்டாக எட்டு நூல் முனைகள். பை முழுவதிலும் 104. அத்தனையையும் ஊசியில் கோத்து உள்பக்கம் மறைக்க வேண்டும், சதுரங்களை இணைக்கவும் வேண்டும். மகளிர் குழுக் கண்காட்சியில் அப்படி ஒரு பையைக் கையில் எடுத்தால், அதைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். அந்த 104 முனைகளும் கண்ணில் படாமல் இருந்தால், சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.