நாய்க் கண்காட்சிக்கு எதற்குப் போக வேண்டும்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் என்னை நாய்க் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனான். "தெருவில் பார்க்காத நாயா? அதைப் போய் டிக்கெட் வாங்கிப் பார்க்கணுமா?" என்று வீட்டம்மா கேட்டாள். எனக்கும் அதே எண்ணம்தான். திரும்பி வரும்போது எண்ணம் மாறியிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. முதலில் கொஞ்சம் பழங்கதை.

முறைப்படி நடந்த முதல் நாய்க் கண்காட்சி என்று 1859 ஜூனில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்ததைச் சொல்வார்கள். வந்தவை மொத்தம் 60 நாய்கள். பாயிண்டர், செட்டர் என்று இரண்டே ஜாதி, இரண்டும் வேட்டை நாய்கள். பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி! பாயிண்டருக்கு நடுவராக இருந்தவரின் நாய் செட்டரில் பரிசு வாங்கியது. செட்டருக்கு நடுவராக இருந்தவரின் நாய் பாயிண்டரில் வாங்கியது. நம்மூர் கூட்டுறவு சங்கத் தேர்தல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இந்தக் குளறுபடிகளைச் சரிக்கட்டி ஒழுங்குமுறை கொண்டுவர 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் வந்தது.

1891-ல் சார்லஸ் க்ரஃப்ட் என்பவர் லண்டன் இஸ்லிங்டனில் பெரிய அளவில் கண்காட்சி நடத்தினார். ஏறத்தாழ 2,000 நாய்கள். மனிதர் அதற்கு முன் நாய் பிஸ்கட் கம்பெனியில் விற்பனையாளர். சரக்கை எங்கே விற்கலாம் என்று தெரிந்தவர். 'க்ரஃப்ட்ஸ்' என்ற பெயரில் அந்தக் கண்காட்சி இன்றும் நடக்கிறது.

ஆனால் அழகுப் போட்டி என்று வந்துவிட்டால் வம்பும் கூடவே வரும். மூக்கு சப்பையாக இருந்தால் பரிசு என்றால், இன்னும் சப்பை, இன்னும் சப்பை என்று வளர்த்து, கடைசியில் மூச்சுவிடவே திணறும் நாய்கள் வந்தன. 2008-ல் பிபிசி இதைப் படம் பிடித்துக் காட்டியது. மறு வருடம் க்ரஃப்ட்ஸை ஒளிபரப்புவதையே நிறுத்திவிட்டார்கள். நம் ராஜபாளையம் நாய்க்கும் இந்தத் தொல்லை உண்டு. தும்பைப்பூ வெள்ளையும் ரோஸ் நிற மூக்கும்தான் வேண்டும் என்று தேடித் தேடி வளர்த்ததில், பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் நிறையப் பிறக்கின்றன. நிறத்துக்கும் காதுக்கும் அப்படி ஒரு தொடர்பு.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் போகச் சொல்கிறேன்?

நான் கரிசல்காட்டுக்காரன். எங்கள் வீட்டில் மயிலா என்று ஒரு கன்னி நாய் இருந்தது. கருப்பு உடம்பு; கண்ணுக்கு மேலும் காலிலும் செம்மண் நிறம்; ஒட்டிய வயிறு. கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்தது என்பார்கள். எங்கள் வீட்டுக்கு அது பாட்டியின் பிறந்த வீட்டு வழியில் வந்தது. கம்பங்கூழும் மோரும்தான் சாப்பாடு. முயலைப் பிடித்தால் கடித்துக் குதறாமல் அப்பா காலடியில் கொண்டுவந்து போடும். வெளியாள் பிஸ்கட்டை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம், கன்னி எல்லாமே வேலைக்கு வளர்த்த நாய்கள். ஜமீன்களும் பெரிய பண்ணைகளும் வைத்துக் காப்பாற்றின. 1948 சட்டத்தோடு ஜமீன் போயிற்று. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்து முயல் வேட்டையும் குற்றமாயிற்று. சட்டம் நியாயமானதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாய்க்கு வேலை போய்விட்டது. டவுனில் பொமரேனியனும் அல்சேஷனும்தான் கௌரவம் என்று ஆயிற்று.

எனக்கு மெட்ராஸில் சர்க்கார் வேலை கிடைத்தது. அப்பா காலமானதும் அம்மாவை அழைத்துக்கொண்டேன். மயிலாவை உப்பு லாரிக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். லாரி கிளம்பியபோது அது குரைக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு விசாரிக்கவும் இல்லை. நாலு வருடம் கழித்து நானும் ஒரு பொமரேனியன் வாங்கினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் நாய்கள் அழியாமல் தப்பியதில் கண்காட்சிகளுக்கும் பங்கு உண்டு. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. ஜாதி லட்சணத்தை எழுதிவைத்து, தாய் தகப்பன் பெயரோடு பதிவு செய்தால்தான் கலப்பில்லாத குட்டி எது என்று தெரியும். சைதாப்பேட்டையில் கால்நடைத்துறையே நாட்டு நாய்க்கு இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. 2005 ஜனவரியில் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. கூடவே முதோல், ராம்பூர், இமாலய மேய்ப்பு நாய்க்கும். 2020-ல் பிரதமர் வானொலியில் பெயர் சொன்ன நாய்களில் கன்னியும் உண்டு.

அன்று மைதானத்தில் நடுவர் ஒவ்வொரு நாயாகப் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், ஓடவிட்டுப் பார்த்தார். ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவதைவிட, எழுதிவைத்த லட்சணத்தோடு ஒப்பிடுவதுதான் அங்கே கணக்காம். பேரன் விளக்கினான். நாட்டு நாய் வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கருப்புக் கன்னியோடு நின்றார். பேச்சை வைத்தே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போ நாயைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார். தொடலாமா என்று கேட்டேன். சங்கிலியைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவருக்குச் சங்கடம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. லாப்ரடார் ஒன்று கோப்பையைத் தட்டிக்கொண்டு போயிற்று.

ஆட்டோவில் வரும்போது பேரன் கேட்டான்: "தாத்தா, உங்க மயிலா அதே மாதிரியா இருக்கும்?"

"மூக்கு இன்னும் கொஞ்சம் நீளம்" என்றேன்.