அமெரிக்க நாட்டில் கல்வியும் மத்திய அரசாங்கமும்

2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் தேதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதி டிரம்ப், தம் மத்திய அரசாங்கத்தின் கல்வி இலாகாவை மூடுதற்கு ஆவன செய்யுமாறு கட்டளையொன்று பிறப்பித்தார். அவ்விலாகா காங்கிரஸ் சபை இயற்றிய சட்டத்தால் நிறுவப்பெற்றது. ஆதலின் அதனை அறவே எடுத்துவிடுதற்கு அச்சபையின் சட்டமே வேண்டும். எனினும் அக்கட்டளையால் பழைய வழக்கொன்று மீண்டும் அம்பலம் ஏறிற்று. பொதுமக்களின் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமை யாருடையது? ஊராருடையதா? மாகாணத்தாருடையதா? நாடு முழுமைக்கும் தலையாய மத்திய அரசாங்கத்தினுடையதா? இவ்வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. அந்நாடு தோன்றிய நாள்தொட்டு வருவது.

பள்ளிக்கூடங்களும் மாணவர் விடுதிகளும் நடத்திவரும் நம் சங்கத்தார் இவ்வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நலம். என்னை? “நம் பிள்ளைகளை நாமே படிப்பித்தோம், அரசாங்கம் நமக்கு என் செய்தது?” என்று நம்மவருள் சிலர் பெருமிதத்தோடு கூறக் கேட்கின்றோம். அப்பெருமிதம் தக்கதே. ஆயினும், நாமே செய்துகொண்டமையால் அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிட்டதா என்னும் வினா அதனடியில் மறைந்து கிடக்கின்றது. அதற்குரிய விடை அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றிலே தெளிவுறக் கிடைக்கின்றது.

சட்டத்தின் மௌனம்

1787-ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்னும் சொல்லே இல்லை. 1791-ஆம் ஆண்டில் நிறைவேறிய பத்தாம் திருத்தமோ, மத்திய அரசாங்கத்திற்கெனக் குறிக்கப்பெறாத அதிகாரங்களெல்லாம் மாகாணங்களுக்கும் மக்களுக்கும் உரியன என்றது. கல்வி மாகாணங்களின் உடைமை என்பார் இன்றும் எடுத்துக்காட்டுவது இத்திருத்தத்தையே.

ஆயினும் அரசியல் சட்டத்திற்கும் முந்திய ஒரு செய்தி உண்டு. 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்படி மேற்றிசை நிலங்கள் ஆறு மைல் சதுரமுள்ள ஊர்ப்பகுதிகளாக அளக்கப்பட்டன. ஒவ்வோர் ஊர்ப்பகுதியும் 36 கூறாக வகுக்கப்பட்டது. அவற்றுள் 16-ஆம் கூறு, அஃதாவது 640 ஏக்கர் நிலம், அவ்வூர்ப் பள்ளிக்கூடத்திற்கென விடப்பட்டது. கோயிலுக்கு மானியம் விட்ட நம் நாட்டு மன்னர் போல், பள்ளிக்கு மானியம் விட்டது மத்திய அரசாங்கம். பின்னர் 1862-ஆம் ஆண்டில் லிங்கன் கையொப்பமிட்ட மோரில் சட்டம், மாகாணம் ஒவ்வொன்றுக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலமளித்து, உழவும் கைத்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளைத் தோற்றுவித்தது. இந்நிலங்களிற் பெரும்பாலன செவ்விந்தியரிடமிருந்து கவர்ந்தவை என்பதையும் மறத்தலாகாது.

நழுவவிட்ட காலம்

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போருக்கு முன்னர்த் தென்மாகாணங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் குற்றமாக இருந்தது. போர் முடிந்து விடுதலை பெற்ற அம்மக்கள் முதற்கண் நாடியது எழுத்தையே. பாட்டனும் பேரனும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தனர். அவர்தம் நலம் பேணுதற்கென மத்திய அரசாங்கம் 1865-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய காரியாலயம், தொண்டு நிறுவனங்களுடன் கூடி ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குத் துணைநின்றது. 1872-ஆம் ஆண்டில் அக்காரியாலயம் மூடப்பட்டது. இதற்கிடையே 1867-ஆம் ஆண்டில் மத்தியக் கல்வி இலாகா ஒன்று தோன்றியது. ஒரு கமிஷனரும் மூன்று குமாஸ்தாக்களுமே அதன் பரிவாரம்; கணக்குத் திரட்டுதலே அதன் பணி. அதனையும் பொறாதார் மறு ஆண்டிலேயே அதனைச் சிறு அலுவலகமாகக் குறைத்தனர்.

1880-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது கறுப்பின மக்களுள் வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேர் எழுத்தறியாதவர். தென்னாட்டு வெள்ளையருள்ளும் எழுத்தறியாதார் மிகப் பலர். அந்நிலையில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தவரான ஹென்றி பிளேர் என்பவர் செனட் சபையில் ஒரு மசோதாக் கொணர்ந்தார். மாகாணங்களின் பள்ளிகளுக்கு மத்திய அரசாங்கம் பொருளுதவி செய்தல் வேண்டும். எழுத்தறியாதார் எங்கு மிகுதியோ அங்கு மிகுதியாகப் பகிர்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. 1884-ஆம் ஆண்டில் நிறைவேறிய வடிவில் எட்டு ஆண்டுகளுக்கு 7 கோடியே 70 லட்சம் டாலர் அதில் குறிக்கப்பட்டிருந்தது. செனட் சபை 1884, 1886, 1888 ஆகிய மூன்று முறை அதனை ஏற்றுக்கொண்டது. பிரதிநிதிகள் சபையிலோ மூன்று முறையும் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 1890-ஆம் ஆண்டில் செனட் சபையும் கைவிட்டது. மாகாண உரிமை பறிபோகும், வாங்கிப் பழகிய கை உழைத்துப் பழகாது என்பன எதிர்த்தோர் கூறிய காரணங்கள்.

அக்காரணங்களின் பயனை அனுபவித்தவர் யாவர்? அதே 1890-ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாகாணம், எழுத்தறிவுச் சோதனையில் தேறினார்க்கே வாக்குரிமை என்று தன் சட்டத்தைத் திருத்திற்று. பள்ளி கொடாதவர் படிப்பில்லை என்று வாக்கைப் பறித்தனர். வாக்கில்லாதார் பள்ளி கேட்கவும் வழியில்லாது போயிற்று. 1899-ஆம் ஆண்டில், ஜார்ஜியாவில் கறுப்புப் பிள்ளைகளின் உயர்தரப் பள்ளியை மூடிவிட்டு வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்கு மட்டும் வரிப்பணம் வழங்கிய ஒரு கல்விக் குழுவின்மேல் வழக்கு வந்தது. வரிப்பணத்தால் நடக்கும் பள்ளி மாகாணத்தின் காரியம் என்று கூறி உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

இருமுறை வரி செலுத்தியவர்

கறுப்பின மக்கள் கைகட்டி நின்றாரல்லர். அடிமையாய்ப் பிறந்து டஸ்கீகிப் பள்ளியைப் பேணி வளர்த்த புக்கர் வாஷிங்டனும், சிகாகோ வணிகச் செல்வர் ஜூலியஸ் ரோசன்வால்டும் கூடி 1912-ஆம் ஆண்டளவில் ஒரு திருப்பணி தொடங்கினர். ஊரார் தம் பங்கைத் திரட்டினால் ரோசன்வால்டு ஒரு பங்கு தருவார். மாகாணமும் தன் பங்கைத் தருதல் வேண்டும். இவ்வேற்பாட்டால் 1932-ஆம் ஆண்டுக்குள் தென்னாட்டின் 15 மாகாணங்களில் 5,300-க்கு மேற்பட்ட பள்ளிக் கட்டடங்களும் ஆசிரியர் இல்லங்களும் தொழிற்கூடங்களும் எழுந்தன.

இதில் ரோசன்வால்டு நிதியத்தின் பங்கு ஏறத்தாழ 43 லட்சம் டாலர். அந்த ஏழை மக்கள் காசு காசாகத் திரட்டியதோ ஏறத்தாழ 47 லட்சம் டாலர். செல்வரின் கொடையினும் ஏழையரின் கொடை மிக்கது! குத்தகை நிலத்துப் பருத்தியில் ஒரு பாத்தியைப் பள்ளிக்கென ஒதுக்கினர் சிலர். மரம் வெட்டித் தந்தனர் சிலர். காசில்லாதார் உடலுழைப்பைத் தந்தனர். மகமையும் பிடியரிசியும் திரட்டிப் பள்ளி கண்ட தமிழ்நாட்டுச் சமூகங்களுக்கு இச்செய்தி அயலாகத் தோன்றாது.

ஆனால் ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். அம்மக்கள் பிறரைப் போலவே மாகாணத்துக்கும் வரி கொடுத்தவர். அவ்வரியிற் பெரும்பகுதி வெள்ளையர் பள்ளிகளுக்குச் சென்றது. தம் பிள்ளைகளின் பள்ளிக்கு அவர்கள் மீண்டும் தம் கையிலிருந்து கொடுத்தனர். ஒரு கல்விக்கு இரு வரி! அவர்தம் முயற்சி போற்றத்தக்கது. அம்முயற்சியை வேண்டுவதாக்கிய அநீதி போற்றத்தக்கதன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, “அவர்களே செய்துகொண்டனர், அரசாங்கம் எதற்கு?” என்பது முறையன்று.

தலையீட்டின் பயனும் பிழையும்

1954-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி, நிறம் பற்றிப் பொதுப் பள்ளிகளைப் பிரித்தல் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957-ஆம் ஆண்டில் லிட்டில் ராக் நகரத்தில் ஒன்பது கறுப்பு மாணவரைப் பள்ளிக்குள் அழைத்துச் செல்ல ஐசனோவர் படை அனுப்ப நேர்ந்தது. தீர்ப்புக்குப் பத்தாண்டு கழிந்த பின்னும் தென்னாட்டில் வெள்ளையரோடு உடன்கற்ற கறுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவரே. அப்பூட்டைத் திறந்தவை இரண்டு சட்டங்கள். வேற்றுமை காட்டும் நிறுவனத்துக்கு மத்தியப் பணம் இல்லை என்றது 1964-ஆம் ஆண்டுச் சட்டம். ஏழைப் பிள்ளைகள் மிக்க பள்ளிகளுக்குப் பெரும்பொருள் உண்டு என்றது 1965-ஆம் ஆண்டுச் சட்டம். அதனை இயற்றுவித்த ஜனாதிபதி ஜான்சன், இளமையில் டெக்சாஸில் மெக்சிக ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்தவர்.

1975-ஆம் ஆண்டில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கென ஒரு சட்டம் வந்தது. அப்பொழுது பத்து லட்சம் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளுக்கு முற்றும் புறம்பாக நிறுத்தப்பட்டிருந்தனர் என்று அச்சட்டமே கூறுகின்றது. அவர்களுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது ஊராரின் இரக்கமன்று. சட்டம் அளித்த உரிமை. பின்னர் 1979-ஆம் ஆண்டில் ஜனாதிபதி கார்ட்டர் காலத்தில் இப்போதைய கல்வி இலாகா பிறந்தது. அடுத்து வந்த ரேகன் அன்றே அதனை ஒழிக்க முயன்றார், இயலவில்லை.

இனி மறுபக்கத்தையும் கூறுதல் நீதி. 1879-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் கார்லைல் என்னுமிடத்தில் செவ்விந்தியப் பிள்ளைகளுக்கென ஓர் உண்டுறை பள்ளி தொடங்கப்பட்டது. அதனையொப்பன பல தொடர்ந்தன. அவற்றை நடத்தியதும் துணைநின்றதும் மத்திய அரசாங்கமே. ஆங்குப் பிள்ளைகளின் கூந்தலைக் கத்தரித்தனர், பெயரை மாற்றினர், தாய்மொழி பேசினால் தண்டித்தனர். அப்பள்ளிகளில் 973 பிள்ளைகளேனும் மாண்டனர் என்று 2024-ஆம் ஆண்டு அரசாங்க அறிக்கை கூறிற்று. அவ்வாண்டு அக்டோபரில் ஜனாதிபதி பைடன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். மொழியைப் பறிக்கும் பள்ளி எவ்வளவு பொருள் பெற்றதாயினும் சிறைச்சாலையே.

2002-ஆம் ஆண்டில் ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்ட சட்டமோ வேறுவகைப் பிழை செய்தது. 3-ஆம் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் சோதனை. 2014-ஆம் ஆண்டுக்குள் எல்லாப் பிள்ளைகளும் படிப்பிலும் கணக்கிலும் தேறியாதல் வேண்டும் என விதித்தது. எவ்வினப் பிள்ளைகள் பின்தங்குகின்றனர் என்பதை மறைக்கவொட்டாது வெளிப்படுத்தியது அதன் நன்மை. ஆயின் பள்ளிகள் பல சோதனைக்குரிய பாடங்களையே ஓதி, ஏனையவற்றைச் சுருக்கின. 2015-ஆம் ஆண்டில் வந்த சட்டம் அதிகாரத்திற் பெரும்பகுதியை மாகாணங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. வாஷிங்டன் நகரத்தில் இருப்பவர், ஒரு கிராமப் பள்ளியின் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு எது கடினம் என்பதை அறியார். அதனை அறிபவர் வகுப்பாசிரியரே.

வரலாறு காட்டும் தெளிவு

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், அதிகாரம் எங்கிருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை என்பது புலனாகும். பாடமும் மொழியும் கற்பிக்கும் முறையும் பிள்ளைக்கு அணிமையில் உள்ளார் கையில் இருத்தல் வேண்டும். பொருட்குறை நிரப்புதலும், கதவடைக்கப்பட்ட பிள்ளையின் முறையீட்டைக் கேட்டலும் சேய்மையிலுள்ள பெரிய அரசாங்கத்தால்தான் இயலும். என்னை? கதவை அடைப்பவர் பெரும்பாலும் அணிமையில் உள்ளவரே. அமெரிக்கப் பள்ளிச் செலவில் மத்திய அரசாங்கம் தருவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் ஏழைக்கும் ஊனமுற்றோர்க்கும் அப்பத்தில் ஒன்றே பற்றுக்கோடு.

நம் நாட்டிலும் இவ்வழக்கு உண்டு. 1950-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் மாகாணப் பட்டியலில் இருந்த கல்வி, 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குச் சென்றது. அதுபற்றி வாதிப்போர் இரு சாராரும் மேலே கூறிய இரு கூறுகளையும் பிரித்து நோக்குவாராயின் வாதம் தெளிவடையும்.

நம் சங்கத்தார்க்கு இறுதியாக ஒன்று. அணிமையில் இருந்து பள்ளி நடத்துவோர் யாவர்? நாமே. ஆதலின் இவ்வரலாற்றை அயலாரைப் பழித்தற்கு மட்டும் பயன்படுத்துதல் தகாது. நம் பள்ளி வாயிலில் வந்து நின்ற பிள்ளைகள் யாவர், இடம் பெற்றோர் யாவர், திரும்பியோர் யாவர், அவர் எக்குலத்தார், எவ்வளவு எளியர் என்று நாம் கணக்கெடுத்ததுண்டா? நிர்வாகக் குழுவினர் ஆண்டுதோறும் அக்கணக்கை எடுத்து, வரவு செலவுக் கணக்கோடு இவ்விதழிலேயே வெளியிடுதல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள். நம் முன்னோர் பிறர் அடைத்த கதவுக்கு முன் நின்றவர். அக்கதவை இன்று நாம் பிறர்க்கு அடைப்போமாயின் அவர் திரட்டிய மகமைக்கு அது நன்றி கொன்றதாகும்.