கட்டளை முனையத்தில் சுட்டி

கட்டளை முனையம் என்பது எழுத்துகளாலேயே இயங்கும் கணினித் திரை. திரை முழுவதும் கிடைவரிகளும் நெடுவரிசைகளுமாகக் கட்டம் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து நிற்கும். விசைப்பலகைக்கென்றே உருவான இத்திரையில், 'மவுஸ்' என்று பரவலாக அழைக்கப்படும் சுட்டி 1980களில் நுழைந்தது. நுழைந்த விதம் சற்று விசித்திரமானது. சுட்டி சொடுக்கப்பட்ட செய்தி எழுத்துகளாக மாற்றப்பட்டு, யாரோ விசைப்பலகையில் தட்டியதைப் போலவே நிரலுக்கு அனுப்பப்பட்டது. இந்த ஏற்பாடு லினக்ஸ், யுனிக்ஸ் கணினிகளில் இன்றும் தொடர்கிறது. ஆங்கிலத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தியது. தமிழுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதைச் செஞ்சிக் கோட்டை மலைகளின் பெயர்களைக் கொண்டு கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

தொலைதட்டச்சும் கட்டத் திரையும்

முதல் முனையங்களுக்குத் திரையே கிடையாது. தொலைதட்டச்சுப் பொறியில் கட்டளையைத் தட்டினால், கணினியின் விடை தாளில் அச்சாகி வரும். அச்சான தாளில் பின்னோக்கிச் சென்று எதையும் மாற்ற முடியாது; அங்கே சுட்டிக்கு வேலையும் இல்லை. திரை முனையங்கள் வந்த பிறகே 'திரையின் இந்த இடம்' என்று சொல்லக்கூடிய நிலை உண்டானது. 1978இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 முனையம் 24 வரிகளும் 80 நெடுவரிசைகளும் கொண்டது. 80 என்ற எண், ஐபிஎம் நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளையட்டையில் இருந்த 80 நெடுவரிசைகளின் வழிவந்தது.

விடி100 ஒரு மொழியையும் பரவலாக்கியது. 'எஸ்கேப்' என்ற கட்டுப்பாட்டுக் குறியைத் தொடர்ந்து சில எழுத்துகளை நிரல் அனுப்பினால், முனையம் அவற்றைத் திரையில் காட்டாமல் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்: எழுத்துக்குறியை 5ஆம் வரி 10ஆம் நெடுவரிசைக்குக் கொண்டு போ, திரையைத் துடை, எழுத்தைத் தடித்துக் காட்டு என்பன போல. இவற்றை எஸ்கேப் தொடர்கள் என்பர். நிரலுக்கும் முனையத்துக்கும் இடையே ஒரே ஒரு குழாய்தான் உண்டு. எழுத்தும் கட்டளையும் அதே குழாயில்தான் போய் வர வேண்டும். பின்னர் சுட்டியும் அதே குழாயில்தான் வந்தது.

அக்காலத்தில் சுட்டி வேறோர் உலகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அதைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். 1973இல் உருவான ஜெராக்ஸ் ஆல்டோ கணினி, புள்ளிகளால் ஆன படத்திரையில் அதைப் பயன்படுத்தியது. எழுத்துத் திரையும் சுட்டியும் சந்திக்க இன்னும் பத்தாண்டுகள் ஆயின.

எக்ஸ்டெர்ம் செய்த ஏற்பாடு

1984 கோடையில் மார்க் வாண்டவூர்ட் என்ற மாணவர், டெக் நிறுவனத்தின் வாக்ஸ்ஸ்டேஷன் 100 கணினிக்காக ஒரு முனைய நிரலை எழுதினார். அது பின்னர் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் சாளர முறைமையின் பகுதியாகி 'எக்ஸ்டெர்ம்' ஆனது. உண்மையான விடி முனையத்தைப் போல நடிக்கும் சாளரம் அது. அந்தச் சாளரம் இருந்த கணினியில் சுட்டி ஏற்கெனவே இருந்தது. உள்ளே இயங்கும் எழுத்து நிரலுக்கு அதன் செய்தியை எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

எக்ஸ்டெர்ம் கண்ட விடை மிக எளியது. நிரல் முதலில் ஓர் எஸ்கேப் தொடரை அனுப்பி, 'சுட்டிச் செய்தி வேண்டும்' என்று கேட்கும். அதன் பின் பயனர் சொடுக்கும்போதெல்லாம் முனையம் எஸ்கேப் குறி, சதுர அடைப்பின் இடப்பக்கக் குறி, 'எம்' என்ற ஆங்கில எழுத்து, அவற்றோடு மேலும் மூன்று எழுத்துகளை அனுப்பும். அந்த மூன்றில் முதலாவது எந்தப் பொத்தான் என்பது, இரண்டாவது நெடுவரிசை, மூன்றாவது வரி. ஒவ்வோர் எண்ணுடனும் 32 கூட்டி, அந்த மதிப்புக்குரிய எழுத்தை அனுப்புவது வழக்கம். 32க்குக் கீழுள்ள மதிப்புகள் கட்டுப்பாட்டுக் குறிகள் என்பதால் இந்தக் கூட்டல்.

10ஆம் நெடுவரிசை, 5ஆம் வரியில் இடப் பொத்தானை அழுத்தியதாகக் கொள்வோம். இடப் பொத்தானுக்கு எண் 0. 32 கூட்ட 32, அது வெற்றிடம். நெடுவரிசை 42 ஆகும்; அது நட்சத்திரக் குறி (*). வரி 37, அது விழுக்காட்டுக் குறி (%). ஒரு வெற்றிடமும் ஒரு நட்சத்திரமும் ஒரு விழுக்காட்டுக் குறியும் சேர்ந்து ஒரு சொடுக்கைச் சொல்லிவிடுகின்றன. கணக்குப் பாடத்தில் கொடுக்கத்தக்க அழகான பயிற்சி இது.

அழகின் உள்ளேயே குறையும் இருந்தது. ஓர் எழுத்தின் உச்ச மதிப்பு 255. அதில் 32 போக 223 மிஞ்சும். ஆகவே 223ஆம் நெடுவரிசைக்கு அப்பால் சொடுக்கினால் சொல்ல வழியில்லை. 80 நெடுவரிசைக் காலத்தில் இது யாருக்கும் தோன்றியிருக்காது. அகலத் திரைகள் வந்து, சிறிய எழுத்தில் 250 நெடுவரிசைகள் தெரியத் தொடங்கியதும் திரையின் வலப்பக்கம் செத்த பகுதியாயிற்று. இன்னொரு குறை, பொத்தானை விட்டபோது எந்தப் பொத்தான் விடப்பட்டது என்று பழைய முறை சொல்லாது. 'ஏதோ ஒன்று விடப்பட்டது' என்று மட்டும் சொல்லும். சுட்டியின் சக்கரத்தைச் சுழற்றுவதும் புதிய பொத்தான் எண்களாகவே ஒட்டுப்போடப்பட்டது.

1996 முதல் எக்ஸ்டெர்மைப் பராமரித்து வரும் தாமஸ் டிக்கி காலத்தில் இதற்குத் தீர்வுகள் வந்தன. 2010இல் வந்த முறை எல்லையை 2015ஆம் நெடுவரிசை வரை நீட்டியது; ஆனால் பழைய செய்தியிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினமாயிற்று. 2012இல் வந்த முறையே நிலைத்தது. அதில் எண்கள் எண்களாகவே, நடுவே அரைப்புள்ளியிட்டு அனுப்பப்படுகின்றன. அழுத்தினால் இறுதியில் பெரிய 'எம்', விட்டால் சிறிய 'எம்'. இருபது ஆண்டுகளுக்கு மேல் சுற்றிவிட்டு, ஆரம்பத்திலேயே செய்திருக்கக்கூடியதைச் செய்தார்கள். அன்று கம்பிவழி ஓடிய ஒவ்வோர் எழுத்தையும் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

டாஸ் கணினிகளும் நீலத் திரையும்

எக்ஸ்டெர்மைக் கண்டிராத தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் எழுத்துத் திரைச் சுட்டி பழக்கமானதே. போர்லாண்ட் நிறுவனம் 1990இல் வெளியிட்ட டர்போ சி++ நிரலின் நீலத் திரை, தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் புத்தாயிரத்துக்குப் பின்னும் நீண்ட காலம் இருந்தது. அத்திரையில் பட்டியலும் சாளரமும் நிழலும் உண்டு. எல்லாமே எழுத்துகளால் வரையப்பட்டவை. சுட்டியின் குறி அம்பாக இராது, ஒரு முழுக் கட்டமாக நகரும்.

டாஸ் முறையில் குழாய் இல்லை. சுட்டிக்கெனத் தனி இயக்கி நினைவகத்தில் தங்கியிருக்கும்; நிரல் அதை நேரடியாகக் கேட்கும். 80க்கு 25 எழுத்துத் திரையை இயக்கி 640க்கு 200 புள்ளிகளாகப் பாவித்து விடை தரும். நிரல் இரண்டையும் 8ஆல் வகுத்துக் கட்டத்தைக் கண்டுபிடிக்கும். 64 பிட் விண்டோஸ் வந்தபின் இந்தப் பழைய நிரல் நேரடியாக இயங்கவில்லை. டாஸ்பாக்ஸ் என்ற நிரலுக்குள் அதை இயக்கினார்கள். அங்கே ஒருமுறை சொடுக்கியதும் சுட்டி உள்ளேயே சிறைப்பட்டுவிடும். கன்ட்ரோலையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால்தான் வெளியே வரும். அது தெரியாமல் கணினியையே அணைத்த மாணவர்கள் இருந்திருந்தால் வியப்பில்லை.

லினக்ஸில் எக்ஸ் சாளரம் இல்லாத வெறும் எழுத்துத் திரைக்கு, ஆண்ட்ரூ ஹேலட் எழுதிய 'செலக்‌ஷன்' நிரலும் அதன்மேல் அலெசாண்ட்ரோ ரூபினி உருவாக்கிய 'ஜிபிஎம்' நிரலும் 1990களில் சுட்டியைக் கொண்டுவந்தன.

சுட்டி யாருக்குச் சொந்தம்?

முனையத்தில் சுட்டிக்கு இரண்டு எசமானர்கள். நிரல் கேட்காதவரை சுட்டி முனையச் சாளரத்துக்கு உரியது. பயனர் இழுத்துத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கலாம். நிரல் கேட்டுவிட்டால் அதே இழுப்பு நிரலுக்குப் போய்விடும், நகலெடுக்க முடியாது. விம் தொகுப்பியின் 8ஆம் பதிப்பு 2016இல் வந்தபோது, தனி அமைப்புக் கோப்பு வைத்திராதவர்களுக்குச் சுட்டி தானாகவே நிரலின் வசம் போனது. பழைய பயனர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. பெரும்பாலான முனையங்களில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் சுட்டி மீண்டும் பயனர் கைக்கு வரும். இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டாலே பாதி எரிச்சல் தீரும்.

நிரல் முறையாக முடியாமல் பாதியில் செயலிழந்தால், 'சுட்டிச் செய்தி இனி வேண்டாம்' என்று சொல்லாமலே போய்விடும். முனையமோ தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். சொடுக்கும்போதெல்லாம் கட்டளை வரியில் எண்களும் அரைப்புள்ளிகளும் கொட்டுவதைக் கண்டு வைரஸ் என்று அஞ்ச வேண்டாம். 'ரீசெட்' என்று தட்டினால் போதும்.

தமிழ் எழுத்தும் கட்டமும்

சுட்டி தருவது கட்டத்தின் எண்ணை மட்டுமே. அக்கட்டத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்பதை நிரல்தான் கணக்கிட வேண்டும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பதால் கணக்குத் தேவையில்லை. தமிழ் 1991இலேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அதில் ஓர் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறியீடுகளால் ஆனது. 'செஞ்சி' என்ற சொல்லில் எழுத்துகள் மூன்று. யூனிகோட் குறியீடுகள் ஆறு. கட்டங்கள் எத்தனை?

இதற்குப் பலரும் பின்பற்றும் விதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்கஸ் கூன் எழுதிய சிறு நிரலில் உள்ளது. இடம் அடைக்காமல் மேலே ஒட்டும் குறிகளுக்குச் சுழியம், சீன, சப்பானிய எழுத்துகளுக்கு இரண்டு, மற்றவற்றுக்கு ஒன்று. தமிழில் புள்ளி ஒட்டும் குறியாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. ஒற்றைக்கொம்பும் இகரக் குறியும் இடம் அடைக்கும் குறிகள். ஆகவே 'செஞ்சி' ஐந்து கட்டம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இகரக் குறிக்கு ஒரு கட்டம் தந்த யூனிகோட் வகைப்பாடு, ஈகாரக் குறியை ஒட்டும் குறிகளோடு சேர்த்துவிட்டது. அதனால் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம். ஒரு மாத்திரைக் குறிலுக்கு இரண்டும் இரண்டு மாத்திரை நெடிலுக்கு ஒன்றும் தரும் இலக்கணத்தை எந்தத் தமிழாசிரியரும் ஏற்கமாட்டார்.

பிற்கால நிரல் நூலகங்கள் சில, எல்லா உயிர்க்குறிகளுக்கும் சுழியமே தருகின்றன. அந்தக் கணக்கில் 'செஞ்சி' மூன்று கட்டம். எழுத்தெண்ணிக்கைக்கு இது பொருந்தும். கண்ணுக்குப் பொருந்தாது, ஏனெனில் கொம்போடு கூடிய 'செ' ஒரு கட்டத்தில் அடங்காது. முனையம் ஒரு கணக்கையும் நிரல் இன்னொரு கணக்கையும் பின்பற்றும்போதுதான் உண்மையான தொல்லை.

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று மலைகளில் பரந்தது; மராட்டியர் இராணுவ நிலப்பரப்புகளின் பகுதியாக 2025இல் உலக மரபுக் களப் பட்டியலில் சேர்ந்தது. பார்வையாளருக்காக ஒரு முனைய நிரல் 'செஞ்சி ராஜகிரி கிருஷ்ணகிரி' என்று ஒரே வரியில் எழுதி, சொடுக்கிய பெயரின் விவரத்தைத் திறப்பதாகக் கொள்வோம். முனையம் கூனின் விதிப்படி 'செஞ்சி'க்கு 5, 'ராஜகிரி'க்கு 7, 'கிருஷ்ணகிரி'க்கு 10, இடைவெளிகளுக்கு 2 என மொத்தம் 24 கட்டம் ஒதுக்கும். உயிர்க்குறிகளுக்குச் சுழியம் தரும் நிரலின் கணக்கு 3, 4, 6, இடைவெளி 2, மொத்தம் 15. பயனர் 'ராஜகிரி'யின் 'கி' மீது சொடுக்குகிறார். அது திரையில் 10ஆம் கட்டம். முனையம் 10 என்று சரியாகவே சொல்கிறது. நிரலின் கணக்கில் 10ஆம் கட்டம் 'கிருஷ்ணகிரி'யின் முதலெழுத்து. ராஜகிரியைத் தொட்டவருக்குக் கிருஷ்ணகிரி திறக்கும். 'கிருஷ்ணகிரி'யின் கடைசி எழுத்தைத் தொட்டவருக்கு எதுவுமே திறக்காது. நிரலைப் பொறுத்தவரை வரி 15இலேயே முடிந்துவிட்டது.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, சிடாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர் கைக்கு வந்தது. அதோடு கட்டளை முனையமும் வந்தது. செஞ்சி அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. ஆகவே முனையத்தில் தமிழில் நிரல் எழுத முயலும் மாணவர் இந்தச் சிக்கலை எதிர்கொள்ள வாய்ப்புண்டு.

எழுத்துத் தொகுதி முழுவதையும் ஓர் அலகாகக் கொள்வோம் என்று நிரலும் முனையமும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் முறை ஒன்று அண்மைக் காலத்தில் முன்மொழியப்பட்டு, சில முனையங்களில் மட்டும் உள்ளது. அது பரவும்வரை நம்பத்தக்க வழி பழைய விடி100 காலத்தது. எழுத்துக்குறி இப்போது எங்கே நிற்கிறது என்று நிரல் கேட்டால், முனையம் வரியையும் நெடுவரிசையையும் விடையாகத் தரும். ஒவ்வொரு பெயரையும் எழுதியவுடன் இப்படிக் கேட்டுக் குறித்துக்கொண்டால், நிரல் தன் கணக்கை நம்ப வேண்டியதில்லை. அதைவிடச் சுலபமானது, மலைக்கு ஒரு வரியாகப் பெயர்களைக் கீழ்க்கீழே எழுதிவிடுவது. சொடுக்கிய வரியின் எண் எந்தக் கணக்கிலும் மாறாது.