லொறிக்கு வர்ணமா, ஒட்டுப்படலமா?



என்னிடம் படித்த ஒருவர் இப்பொழுது யாழ்ப்பாணத்துக்கும் தம்புள்ளைக்கும் இடையே மரக்கறி ஏற்றும் தொழில் செய்கின்றார். அவரிடம் இரண்டு லொறிகள் உள்ளன. ஒன்று பலகையடித்த பழைய லொறி. மற்றையது லீசிங் முறையில் எடுத்த, தகட்டுப்பெட்டி பொருத்திய புதிய லொறி. சில மாதங்களுக்கு முன் அவர் வந்து, "சேர், இரண்டுக்கும் வர்ணம் அடிப்பதா, இல்லாவிட்டால் இப்போது பலரும் செய்வதுபோல வினைல் ஒட்டுவதா?" என்று வினவினார். சரித்திரம் படிப்பித்தவனிடம் கேட்டால் சரித்திரந்தானே விடையாக வரும்! அன்று அவருக்குக் கூறியதையே இன்று சற்று விரித்துக் கூற எண்ணுகின்றேன்.

வண்டிக்கு வர்ணம் பூசும் வழக்கம் அழகை மட்டும் கருதி எழுந்ததன்று. மரத்தை மழையினின்றும் இரும்பைத் துருவினின்றும் காப்பதே அதன் முதற் கடமை. ஐரோப்பாவிற் குதிரை வண்டி செய்தோர் ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வர்ணத்தைப் பல முறை பூசி, ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டுத் தேய்த்து, இறுதியில் வார்னிஷ் இட்டனர். இவ்வேலைக்கு வாரக்கணக்கிற் காலம் சென்றது. மோட்டார் வண்டி தோன்றிய பின்னரும் இம்முறையே தொடர்ந்தது. வண்டியின் உடல் சில மணி நேரத்திலே பூட்டப்பட்டாலும், வர்ணம் காயும்வரை அது கொட்டகையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. போர்ட் கம்பெனி 1914 முதல் 1925 வரை தன் 'ரீ' மாதிரி வண்டிகளைக் கறுப்பு நிறத்திலேயே விற்றதற்கு, அந்நிறப்பூச்சு மலிவாகவும் உறுதியாகவும் இருந்தமை ஒரு காரணமாகும்.

இத்தடையை நீக்கியது, நேயர்கள் வியப்புறுவர், போர்க்களத்து இரசாயனம். பஞ்சை நைத்திரிக் அமிலத்திற் பதப்படுத்திப் பெறும் நைத்திரோசெலுலோசு வெடிமருந்துக்கு உதவிய பொருள். முதலாம் உலக யுத்தம் 1918 இல் முடிந்தபின், அதைப் பெருமளவில் ஆக்கிவந்த அமெரிக்க டூபோன்ட் கம்பெனி, அதிலிருந்தே விரைவில் உலரும் 'டூக்கோ' என்னும் பூச்சை உருவாக்கியது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1924 ஆம் ஆண்டுக்குரிய ஓக்லண்ட் வண்டிகளை இப்பூச்சில் நீல நிறமாக வெளியிட்டது. வாரங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின. இப்பூச்சைத் தூரிகையாற் பூசுதல் எளிதன்று. விசிறியே அடிக்க வேண்டும். அவ்விசிறிக் கருவியோ ஒரு வைத்தியர் வீட்டிலே பிறந்தது. ஓகாயோ மாநிலத்து டொலீடோ நகரில் வாழ்ந்த டாக்டர் அலன் டிவில்பிஸ் நோயாளரின் தொண்டைக்கு மருந்து தெளிக்கச் செய்த கருவியை அவர் மகன் தோமஸ் வர்ணம் விசிறும் கருவியாக மாற்றினார்.

ஆயினும் வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. இன்று லொறிகளுக்கு அடிக்கப்படும் இருகலவைப் பொலியூரிதேன் பூச்சு வெயிலையும் டீசலையும் நன்கு தாங்கும். ஆனால் அதனைக் கடினமாக்கும் ஐசோசயனேற்று என்னும் பொருள், தக்க முகக்கவசமின்றி விசிறுபவரின் சுவாசத்திற் புகுந்து தீராத ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வாயிலே ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வர்ணமடிக்கும் இளைஞரைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும். மலிவாக முடித்துத் தருகின்றோம் என்னும் கராஜில், மிச்சப்படுத்தப்படுவது எது என்று உடைமைக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்தல் நன்று.

இனி வினைலின் கதைக்கு வருவோம். 1926 இல் ஒகாயோவின் அக்றன் நகரில், குட்றிச் றப்பர்க் கம்பெனியின் இரசாயனவியலாளர் வால்டோ செமன் றப்பரை உலோகத்தோடு ஒட்டவல்ல பசை ஒன்றைத் தேடினார். பயனற்றதெனப் பலர் ஒதுக்கிய பொலிவினைல் குளோரைட்டை அவர் ஒரு திரவத்திலிட்டுச் சூடாக்கியபோது, வளையவும் நெகிழவும் வல்ல ஒரு பொருள் கிடைத்தது. அது எதிலும் ஒட்டவில்லை! ஒட்டும் பொருளைத் தேடியவர் கையில் ஒட்டாத வினைல் அகப்பட்டது. 1935 இல் ஸ்ரான்ரன் ஏவரி என்பவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், உரித்தெடுத்து ஒட்டும் பசைத்தாளை ஆக்கினார். பிற்காலத்தில் வினைற் படலமும் இவ்வகைப் பசையும் ஒன்றுசேர்ந்தன. 1990 களில் அகன்ற தாளில் அச்சிடும் கணினிப்பொறிகள் பரவவே, வண்டி முழுவதையும் படத்தாற் போர்த்துவது எளிதாயிற்று.

இப்படலத்தின் உண்மையான பயனை ஜேர்மனியின் டாக்சிக்காரரிடம் காணலாம். அங்கே 1971 இல் டாக்சிகளுக்கு இளந்தந்த நிறம் விதிக்கப்பட்டது. டாக்சியாக ஓடி ஓய்ந்த வண்டியை அந்நிறத்தோடு வாங்குவார் அரியர். ஆகவே, உடைமைக்காரர் வேறு நிற வண்டியை வாங்கி, அதன்மேல் தந்த நிறப் படலத்தை ஒட்டி, விற்கும் காலத்தில் உரித்துவிட்டனர். உள்ளே இருந்த வர்ணம் புதிதுபோலவே தோன்றியது. பின்னர்ச் சில மாநிலங்கள் அவ்விதியைத் தளர்த்தின என்பது வேறு விடயம். நாம் கவனிக்கத்தக்கது இதுவே: வர்ணம் வண்டியைக் காக்கப் பிறந்தது, படலமோ அகற்றப்படுவதற்காகவே விரும்பப்பட்டது. எனவே விலையை ஒப்பிடுமுன், இந்நிறம் எத்தனை ஆண்டுகள் இவ்வண்டியில் இருக்கவேண்டும் என்பதைக் கேட்டல் வேண்டும்.

இவ்விரண்டும் பகையாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. பாகிஸ்தானின் கராச்சி, பெஷாவர், குவெற்றா நகரங்களில் லொறிகளைப் பூவும் பறவையும் கவிதையுமாகத் தீட்டும் ஓவியர்கள், மினுங்கும் ஒட்டுத்தாளையும் நுணுக்கமாக வெட்டி ஒட்டுகின்றனர். அதனை அங்கே 'சமக் பட்டி' என்பர். இரவில் எதிர்வரும் வண்டியின் ஒளி பட்டதும் லொறி முழுவதும் சுடர்விடும்.

என் மாணவரின் பழைய லொறியை வளவில் நிறுத்திச் சுற்றிப் பார்த்தோம். பலகைகளின் இடைவெளியிலும் ஆணித்தலையிலும் படலம் படியாது. படிக்கட்டின் கீழே வர்ணம் கொப்புளித்திருந்தது. விரலால் அழுத்தினால் தகடு உதிர்ந்தது. அதன்மேற் படலம் ஒட்டினால் துரு கண்ணுக்கு மறையுமேயன்றி நிற்காது. முதலில் துருப்பிடித்த பகுதியை வெட்டி நீக்கி, அடிப்பூச்சிட்டு, வர்ணமே அடிக்க வேண்டும் என்றேன்.

புதிய லொறியின் நிலை வேறு. அதன் தொழிற்சாலை வர்ணம் பழுதின்றி இருந்தது. தகட்டுப்பெட்டியின் பக்கங்களும் சமமானவை. கடன் தீரும்வரை முழு உரிமை நிதிக் கம்பெனிக்கே என்பதாலும், பதிவுச் சான்றிதழில் நிறமும் ஒரு விபரமாக இருப்பதாலும், வண்டியின் நிறத்தை மாற்றாமல் பெட்டியின் பக்கங்களில் மட்டும் பெயரையும் படத்தையும் ஒட்டுமாறு கூறினேன். வளைவுகளுக்கு வார்ப்புப் படலமே ஏற்றது. உருளையில் இழுத்துச் செய்த மலிவான படலம் காலப்போக்கிற் சுருங்கி ஓரம் கிளம்பும். கூரையில் ஒட்டவே வேண்டாம் என்றேன். நேர்வெயில் படும் கிடைப்பரப்புக்கு உற்பத்தியாளர்களே குறைந்த காலத்துக்குத்தான் உத்தரவாதம் தருகின்றனர்.

அவர் அவ்வாறே செய்தார். பெட்டிக்கான படலம் ஒரே நாளில் ஒட்டி முடிந்ததாம். பலகை லொறியின் நெற்றியிற் பெயரெழுதத் தூரிகை பிடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்கே இரண்டு வாரங்கள் சென்றன.