நாயகனின் நண்பன்

என்னை இரண்டு வருடம் கோபால் என்று கூப்பிட்டார்கள். என் பெயர் அது இல்லை.

2010இல் யுபிஎஸ்ஆர் தேர்வில் மலாய்மொழிக் கட்டுரைத் தாளில் கோட்டை விட்டேன். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வருகிறவர்கள் மலாயில் தேறாவிட்டால் முதலாம் படிவத்துக்கு முன்னால் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். 'பெராலிஹான்' என்போம். கூடப் படித்த பாதிப் பேர் முதலாம் படிவத்துக்குப் போய்விட்டார்கள். மீதிப் பாதி நாங்கள். வீடு காப்பாரில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் செம்பனைக்கு அப்பால் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். தோட்டத்து லயத்திலிருந்து வெளியேறி அங்கே வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

2011 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவி3இல் 'போபோய்போய்' தொடங்கியது. மறுவாரமே நான் கோபால் ஆகிவிட்டேன். வகுப்பில் இன்னும் நான்கு இந்தியப் பையன்கள் இருந்தார்கள். அவர்களும் கோபால்தான். வரிசையாக நின்றால் கோபால் ஒன்று, கோபால் இரண்டு என்று எண்ணுவார்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பூலாவ் ரிந்திஸ் என்ற ஊரில் தாத்தா வீட்டுக்கு விடுமுறைக்கு வரும் பையன் போபோய்போய். வேற்றுக்கிரகவாசியிடமிருந்து தப்பித்த ஓச்சோபோட் என்ற ரோபோ அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் சக்தி கொடுக்கிறது. நாயகனுக்கு மின்னல், காற்று, மண். யாயாவுக்கு ஈர்ப்பு விசை. யிங்குக்கு வேகம். நம் கோபாலுக்கு? பொருள்களைச் சாப்பாடாக மாற்றும் சக்தி. குண்டு உடம்பு, கறுத்த நிறம், எப்போதும் பசி, எதற்கெடுத்தாலும் பயம். தாத்தாவின் கொக்கோ கடையில் தீராத கடன். வாயைத் திறந்தால் 'டேய்'.

இதை எழுதும்போது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். போபோய்போய் நல்ல பிள்ளை, எல்லாம் சரியாகச் செய்வான். கோபால்தான் என்னைப் போல வீட்டுப்பாடம் செய்யாமல் வீடியோ கேம் விளையாடுவான். அப்பாவிடம் மாட்டுவான். பயந்து நடுங்கிக்கொண்டே கடைசியில் நண்பனைக் காப்பாற்றவும் வந்து நிற்பான். பாப்பா சோலா என்ற வீரர் ஒரு கேமிலிருந்து நிஜ உலகத்துக்கு வந்துவிடும் பகுதிகளை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கண்ணாடி முன் நின்று கோபாலின் குரலைப் பேசிப் பழகியிருக்கிறேன். ஏற்கெனவே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், சரியாகவாவது செய்வோமே.

பல வருடங்கள் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. கோபாலுக்குக் குரல் கொடுத்தவர் சுபீர் என்ற மலாய்க்காரர். ஆக, கண்ணாடி முன் நான் பழகியது, ஒரு தமிழன் எப்படிப் பேசுவான் என்று ஒரு மலாய்க்காரர் பேசிக் காட்டியதை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது. 'தி சிம்ஸன்ஸ்' தொடரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பு என்ற இந்தியருக்கு ஹேங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர் குரல் கொடுத்தார். அந்தக் குரலைச் சொல்லிச் சொல்லியே பள்ளியில் கேலி செய்யப்பட்ட தலைமுறை ஒன்று வளர்ந்தது. 2017இல் ஹரி கொண்டபோலு அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் செய்தார். 2020இல் அசாரியா இனி அந்தக் குரலைச் செய்யமாட்டேன் என்று விலகிக்கொண்டார். அப்புவையும் கோபாலையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. கோபால் வேறு நாட்டிலிருந்து வந்தவன் இல்லை, அந்த ஊர்ப் பையன். மலாய்ப் பையனின் உயிர் நண்பன். ஆனால் அசாரியா விலகிய செய்தியைப் படித்த அன்று எனக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைதான் ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் செய்திக்குப் பிறகுதான் மலேசிய அனிமேஷனின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே ஓர் ஆச்சரியம். இந்த நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படம் என்று சொல்லப்படுவது 'ஹிகாயாட் சாங் காஞ்சில்'. சாங் காஞ்சில் என்பது மலாய்க் கதைகளில் வரும் சருகுமான். உடம்பு சின்னது, மூளை பெரிது. புலியையும் முதலையையும் புத்தியால் ஏமாற்றிவிடும். பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது. அந்தப் படத்தைச் செய்தவர் ஃபிலெம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராக இருந்தவர். பெயர் ஆனந்தம் சேவியர்.

ஆனந்தம். அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 1978இல் படம் முடிந்துவிட்டது. தொலைக்காட்சியில் வந்தது 1983இல். ஐந்து வருடம் காத்திருந்த படம். கணினி இல்லாத காலம். ஒரு சருகுமான் தலையைத் திருப்ப வேண்டுமென்றால் அந்தத் தலையைப் பல முறை கையால் வரைந்தாக வேண்டும். அதை வரைந்த கை ஓர் இந்தியக் கை. எங்கள் பள்ளிகளில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. சிவாஜி எந்தப் படத்தில் எத்தனை வேடம் போட்டார் என்று தெரிந்த என் மாமாக்களுக்கும் தெரியாது.

இது அனிமேஷனில் மட்டும் நடந்ததில்லை. மலாய் சினிமாவின் தொடக்கமே இப்படித்தான். 1933இல் 'லைலா மஜ்னூன்' எடுத்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இந்தியாவிலிருந்து வந்தவர். பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' படத்தை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன். கேமராவுக்குப் பின்னால் இந்தியர்கள், முன்னால் மலாய்க் கதை, மலாய் நாயகன். அதில் தப்பில்லை. படம் பார்க்க வந்தவர்கள் அவர்கள், மொழி அவர்களுடையது. கலைஞனுக்கு வேலை கிடைத்தது, செய்தான். ஆனால் பின்னால் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு திரையில் நமக்கு மிஞ்சியது என்ன என்று பார்த்தால், நாயகனின் பக்கத்தில் ஓர் இடம்.

தொண்ணூறுகளின் நடுவில் 'உசோப் சொந்தோரியான்', 1998இல் 'கெலுவாங் மேன்', அதே வருடம் ஹசான் முத்தலிப் இயக்கிய 'சிலாட் லகெண்டா' முழுநீளப் படம், இன்னொரு பக்கம் லாட்டின் 'கம்போங் பாய்' என்று உள்நாட்டுக் கார்ட்டூன் வளர்ந்த காலம் அது. நான் அப்போதுதான் பிறந்தேன். அண்ணன் சொல்லித்தான் இவையெல்லாம் எனக்குத் தெரியும்.

என் காலம் 2007இல் தொடங்குகிறது. அந்த வருட நோன்பு மாதத்தில் டிவி9இல் ஆறே பகுதிகளாக வந்தது 'உப்பின் இப்பின்'. லெஸ் கொப்பாக் நிறுவனம் அப்போது 'கெங்' என்ற முப்பரிமாணப் படத்தைச் செய்துகொண்டிருந்தது. அதில் ஓரமாக வருவதற்காக உருவாக்கிய மொட்டைத்தலை இரட்டையர்களை நோன்பு பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வெளியே எடுத்தார்கள். 2009இல் 'கெங்' திரைக்கு வருவதற்குள் இரட்டையர்கள் படத்தைவிடப் பெரிய ஆளாகிவிட்டார்கள்.

கம்போங் டுரியான் ருந்தோவில் நம்மவர்களும் இருந்தார்கள். கடை வைத்திருக்கும் அங்கிள் முத்து. அவர் மகன் ராஜூ. அவன் மாட்டின் பெயர் சாப்பி. 'கெங்' படத்தில் ராஜூ மிருகங்களோடு பேசுவான். தீபாவளிக்கென்றே ஒரு பகுதியும் வந்தது. எங்கள் பாட்டிக்கு மலாய் அரைகுறை. ஆனால் முத்து திரையில் வந்துவிட்டால், "அந்தா நம்மாளு வந்துட்டான் பாரு" என்று வெற்றிலைப் பெட்டியை நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்காருவார். முத்து கத்துவார், பாட்டி சிரிப்பார். என்ன சொன்னான் என்று என்னைக் கேட்பார். நான் மொழிபெயர்ப்பேன். தமிழனாக வருகிறவர் பேசியதைத் தமிழ்ப் பாட்டிக்குத் தமிழில் சொன்னேன். அப்போது அது விசித்திரமாகப் படவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புகுமுக வகுப்பில் என் மலாயைத் தேற்றியது ஆசிரியர்கள் மட்டும் இல்லை. ராஜூவும் கோபாலும்தான். கார்ட்டூன் பார்த்தே வாக்கியம் அமைக்கக் கற்றேன். பிற்பாடு எஸ்பிஎம்மில் மலாயில் ஏ வாங்கினேன். அந்தக் கடன் என் மேல் இருக்கிறது.

தமிழில் கார்ட்டூன் கேட்க வேண்டுமென்றால் ஆஸ்ட்ரோவில் சுட்டி டிவி. அதில் ஜாக்கி சான் சென்னைத் தமிழ் பேசுவார். அவருடைய கிழட்டு மாமா கத்துகிற கத்தலுக்காகவே அத்தை வீட்டுக்குப் போவேன். எங்கள் வீட்டில் ஆஸ்ட்ரோ இல்லை. தமிழ் இருந்தது, சிரிப்பு இருந்தது. ஆனால் காப்பார் இல்லை. முகம் எங்களுடையதாக இருந்தால் பேச்சு மலாய். பேச்சு தமிழாக இருந்தால் முகம் ஹாங்காங். என் தலைமுறை மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் ரிமோட்டை மாற்றி மாற்றி வளர்ந்தவர்கள்.

சிற்றுண்டிச்சாலைக்கு வருகிறேன். 2012, ரிப்போர்ட் கார்டு வாங்கும் நாள். அம்மா வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், தொழிற்சாலைச் சீருடையோடு. தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு, "டேய் தம்பி, இங்க வாடா" என்று கூப்பிட்டார். அந்த 'டேய்' காதில் விழுந்ததும் பக்கத்து மேசையில் ஒரே சிரிப்பு. கோபாலின் அம்மா வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் பிறந்ததிலிருந்து இருக்கிறது. சாப்பிடக் கூப்பிடுவது அதில்தான், கொஞ்சுவதும் அதில்தான். அன்று அதைக் கார்ட்டூனிலிருந்து அம்மா திருடிவிட்டதுபோல எனக்குக் கூசியது. அம்மாவுக்கு மலாயில் பதில் சொன்னேன். அவர் தமிழில் கேட்க, நான் மலாயிலேயே பதில் சொல்ல, ஆசிரியரின் மேசைவரை அப்படியே நடந்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேருந்திலும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கு வந்தால் என்னைத் தூரத்திலிருந்து கூப்பிடமாட்டார். கிட்டே வந்து கையைத் தொடுவார்.

2023இல் 'வெண்பா' வந்தது. டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு, அபி என்ற தமிழர் இயக்கியது. எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை யூகித்து நாம் சமைக்க வேண்டும். நடுவில் தேவாவின் குரலில் ஒரு பாட்டுகூட உண்டு. மறுவருடம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு விருது வாங்கியது. மொத்தமே இரண்டு மணி நேரம்தான். காசுக்கு நீளம் போதாது என்று அலுத்துக்கொண்ட நண்பர்கள் உண்டு. எனக்கு அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் கடக்க முடியவில்லை.

நான் விளையாடிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏதோ நாடகம் என்று நினைத்துவிட்டார்.

"இது எந்தச் சேனல்ல வருது?"

"சேனல் இல்லம்மா, கேம்."

இட்லித் தட்டை நான் தப்பாக அடுக்கினேன். "மாத்திப் போடுடா. குழி மேல குழி வந்தா இட்லி நசுங்கிரும்" என்றார். மாற்றினேன், சரியாக வந்தது. அதோடு கன்ட்ரோலர் அம்மா கைக்குப் போய்விட்டது. எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் சொல்ல, குழல் புட்டைத் தடுமாறாமல் செய்துவிட்டார். புத்தகத்தில் அழிந்திருந்த வரிகளைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீடியோ கேமில் என்னைவிடக் கெட்டிக்காரராக அம்மா இருந்தார்.

அந்தப் புட்டுப் பகுதியில் கவின் சின்னப் பையன். அம்மா தமிழில் பேசுகிறாள், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். அவனுக்குப் புட்டு வேண்டாம், பீட்சா வேண்டும். அம்மா கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவனும் ஒன்ன மாதிரிதானா?"

பதினோரு வருடத்தில் அந்த நாளைப் பற்றி அம்மா பேசியது அந்த ஒரு வரிதான். அவர் குரலில் குத்தல் இல்லை. திரையில் இருக்கும் பையனைப் பற்றி விவரம் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆமாம்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியவனானா சரியாயிருவானா?" என்றார். வளர்ந்த கவின் அந்தச் சமையல் குறிப்பைத் தமிழில் வாசிக்கத் திணறும் இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். முன்பே ஒருமுறை முடித்திருந்தேன். "பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

போபோய்போயிலும் உப்பின் இப்பினிலும் எங்களை வைத்தவர்கள் எங்களைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவர்கள். அன்போடுதான் பார்த்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்பது சத்தமாகச் சொல்லும் 'டேய்' மட்டும்தான். சமையலறையில் மெல்லச் சொல்லும் 'டேய்' கேட்காது. அதைக் கேட்டவன்தான் எழுத முடியும். அபி எழுதினார், கனடாவிலிருந்து. சருகுமானின் தலையை அத்தனை முறை வரைந்த ஆனந்தம் சேவியரின் நாட்டில், லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்த வெண்பாக்கள் ஏராளம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நாயகியாக வரும் கேமை நான் இன்னும் விளையாடவில்லை.

கடைசிக் காட்சி முடிந்ததும் இதை யார் செய்தது என்று அம்மா கேட்டார். கனடாவில் இருக்கிற ஒரு தமிழ்ப் பையன் என்றேன்.

"அதான். அவங்க அம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டியிருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"டேய் தம்பி, சாப்பிட வாடா."

தமிழில் பதில் சொன்னேன்.