பத்து நாளும் மூன்று வருஷமும்

கருப்பன் எங்கள் வீட்டு நாய். சிப்பிப்பாறை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கூடையில் குட்டியாக, இரண்டு ரயில் மாறி இந்த மராத்தி ஊருக்கு வந்தவன். போன வருஷம் ஒரு நாள், கூரியர் கொண்டுவந்த பையனின் கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டான். தப்பு எங்களுடையதுதான், கதவைச் சரியாகச் சாத்தவில்லை. பையனைக் கூட்டிப்போய் ஊசி போட்டு, கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டோம். வெறிநோய் இருக்கிறதா என்று பத்து நாள் கூண்டில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று கருப்பனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் நல்ல மனுஷர். "கேஸ் ஆகாதது உங்கள் அதிர்ஷ்டம் சார். ஆகியிருந்தால் இதுவும் முத்தேமால்தான்" என்றார். வழக்கில் கைப்பற்றிய பொருளுக்கு மராத்தியில் அந்தப் பெயர். திருட்டு சைக்கிள், அரிவாள், சாராயக் கேன், அந்த வரிசையில் நம்ம கருப்பன்! தங்கமணிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படி முத்தேமால் ஆன நாய்களின் கதையைத் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தில் 1991-ல் நாய்கள் மனிதர்களைக் கடித்துக் குதறிய சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. அதில் ஒன்று ஆறு வயதுச் சிறுமி. நாடே கொதித்தது. அந்த வருஷமே அவசர அவசரமாக 'அபாயகரமான நாய்கள் சட்டம்' வந்தது. பிட்புல், ஜப்பானின் தோசா, அர்ஜென்டினாவின் டோகோ, பிரேசிலின் ஃபிலா என்று நாலு வகைக்குத் தடை. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் பதிவு செய்து, கருத்தடை செய்து, வெளியே போனால் வாய்ப்பூட்டு போடவேண்டும். மீறினால் நாயைக் கொல்லவேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கு வேறு வழியே கிடையாது. 'இது பிட்புல் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பும் வளர்ப்பவர் தலையில்தான்.

லண்டனில் டெம்ப்ஸி என்று ஒரு பெண் பிட்புல். முறையாகப் பதிவு செய்த நாய். 1992 ஏப்ரலில் உறவுக்காரப் பையன் ஒருவன் வெளியே கூட்டிப்போனபோது அதற்கு உடம்பு சரியில்லாமல் குமட்டியது. வாந்தி எடுக்கட்டும் என்று வாய்ப்பூட்டைக் கழற்றினான். போலீஸ் கண்ணில் பட்டது. டெம்ப்ஸி யாரையும் கடிக்கவில்லை. ஆனாலும் கொல்ல உத்தரவு.

அப்பீலுக்கு மேல் அப்பீல். நடிகை பிரிஜித் பார்டோ பிரான்ஸில் இடம் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். டெம்ப்ஸி கூண்டிலேயே இருந்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். கடைசியில் 1995 நவம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. காரணம் என்ன தெரியுமா? முதல் விசாரணை நடப்பதை நாயின் சொந்தக்காரருக்குத் தெரிவிக்கவே இல்லை! அந்த ஒரு ஓட்டை மட்டும் இல்லாவிட்டால் கதை முடிந்திருக்கும். வீடு திரும்பிய டெம்ப்ஸி 2003-ல், 17 வயதில் செத்தது.

1997-ல் சட்டத்தைத் திருத்தி, கொல்வதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமையை நீதிமன்றத்திடம் கொடுத்தார்கள். 2015-ல் இன்னொரு மாற்றம். ஆபத்தில்லை என்று போலீசுக்குத் தோன்றினால், வழக்கு முடியும்வரை நாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன விஷயம் புரிய 24 வருஷம் ஆகியிருக்கிறது.

நம் ஊரிலும் 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 35-வது பிரிவு, கைப்பற்றிய பிராணியைப் பராமரிக்க அனுப்பச் சொல்கிறது. செலவை சொந்தக்காரர் தரவேண்டும் என்கிறது. 2017-ல் இதற்குத் தனி விதிகளும் வந்தன. நல்லதுதான். ஆனால் நம் கோர்ட் வாய்தாக்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? சைக்கிள் காத்திருந்தால் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். நாய்க்கு மொத்த ஆயுசே பன்னிரண்டு, பதினைந்து வருஷம். குற்றவாளிக்காவது ஜாமீன் கேட்க வாய் இருக்கிறது.

கடிபட்ட குழந்தையைப் பெற்றவரிடம் போய் இந்த நியாயத்தைப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. கடிக்கிற நாயைக் கட்டித்தான் வைக்கவேண்டும். ஆனால் கூண்டில் கழிகிற நாளை யாராவது எண்ணவேண்டும் இல்லையா?

பதினோராம் நாள் கருப்பன் வந்தான். அங்கே வேளாவேளைக்குச் சோறு போட்டிருக்கிறார்கள், ஒரு குறையும் சொல்லமுடியாது. ஆனாலும் தட்டைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டான். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். பழைய கருப்பனாக ஒரு மாசம் ஆனது.

அது பத்தே பத்து நாளுக்கு.