பச்சைத் துணியும் வெளிச்சமும்



ஓய்வு பெற்ற நம்மவர்களில் பலர் இப்போது வீட்டிலேயே வீடியோ எடுக்கிறார்கள். ஒருவர் தேவாரம் பாடுகிறார், இன்னொருவர் பழைய ஊர்க்கதை சொல்கிறார். பின்னால் பச்சைத் துணியைத் தொங்கவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் அதை நீக்கிவிட்டுக் கோபுரத்தையோ கடற்கரையையோ வைத்துக்கொள்கிறார்கள். முடிவில் பார்த்தால் முகம் மஞ்சளாக இருக்கிறது, நரைத்த தலையைச் சுற்றிப் பச்சை விளிம்பு தெரிகிறது. துணி சரியில்லை என்று வேறு துணி வாங்கப் போகிறார்கள். இந்த வித்தையின் சரித்திரத்தைப் பார்த்தால், குறை பெரும்பாலும் துணியில் இல்லை, வெளிச்சத்தில்தான் என்று விளங்கும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் மெலியேஸிடமிருந்து தொடங்குகிறேன். ஜார்ஜ் மெலியேஸ் பாரிஸை அடுத்த மோந்த்ரேயில் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோ கட்டியவர். 1898இல் எடுத்த குறும்படம் ஒன்றில் தம் தலையைத் தாமே கழற்றி மேசைமேல் வைப்பார்! பின்னால் கறுப்புத் திரை. கறுப்பிலிருந்து வெளிச்சம் வராது, பிலிமில் அந்த இடம் பதியாது. அதே பிலிமைத் திரும்பச் சுற்றி, காலியாக இருந்த இடத்தில் வேறு காட்சியைப் பதித்தார்.

1933இல் வந்த 'கிங் காங்' படத்தின் சில காட்சிகளில் டன்னிங் என்பவரின் முறை பயன்பட்டது. நடிகர்மேல் மஞ்சள் வெளிச்சம், பின்திரைமேல் நீல வெளிச்சம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மட்டுமே அது சரிப்பட்டது.

வண்ணப் படத்துக்கு வழி காட்டியது 1940இல் வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்'. மைசூர்ச் சீமையில் பிறந்த சாபு நடித்த படம். மனிதத் தோலில் நீலம் குறைவு என்பதால் லாரி பட்லர் நீலத் திரையைக் கொண்டு தந்திரக் காட்சிகளை அமைத்தார். அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

1964இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் திரை வெறும் வெள்ளை! அதன்மேல் மட்டும் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைப் பாய்ச்சினார்கள். 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அந்த ஒளியைக் கேமராவுக்குள் இருந்த ஒரு பட்டகம் தனியே பிரித்துவிடும். கதாநாயகியின் மெல்லிய முகவலைகூடச் சிதையாமல் வந்தது. இதற்காக ஆஸ்கர் பெற்ற மூவரில் பெட்ரோ விளாஹோஸ் ஒருவர்.

டிஜிட்டல் கேமரா வந்தபின் பச்சை முன்னுக்கு வந்தது. கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், சென்சாரின் வடிகட்டிகளில் பாதி பச்சை. பச்சை தெளிவாகப் பதிவாகும், வெளிச்சமும் குறைவாகப் போதும்.

இனி வீட்டுக்கு வருவோம். திரைக்குத் தனி விளக்கு, முகத்துக்குத் தனி விளக்கு வேண்டும். திரையில் சுருக்கமும் நிழலும் இல்லாமல் வெளிச்சம் சீராக விழவேண்டும். திரையிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் உட்காருங்கள். ஒட்டி உட்கார்ந்தால் பச்சை ஒளி எதிரொளித்து மேலே படியும். நரைமுடி, வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றில் அது முதலில் தெரியும். நம் வயதுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

அடுத்தது வெண்மைச் சமன், அதாவது ஒயிட் பேலன்ஸ். பழைய குண்டு பல்பின் ஒளி சுமார் 2,700 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5,600. நம் கண் இரண்டிலும் வெள்ளையை வெள்ளையாகவே பார்க்கும். கேமராவுக்கு நாம்தான் சொல்லவேண்டும். ஜன்னல் வெளிச்சத்தையும் பல்பையும் கலக்காதீர்கள். முகத்தருகே வெள்ளைத் தாளைப் பிடித்துச் சமனை அமைத்து, அப்படியே பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால், படம் முழுக்கப் பச்சையைக் கண்ட கேமரா அதை ஈடுகட்டப் பார்க்கும், முகம் இளஞ்சிவப்பாகிவிடும்.

தூரதேசத்தில் பிறந்த பேரப்பிள்ளைகள் சிலருக்குத் தாத்தா பாட்டியின் முகம் இந்த வீடியோவில்தான் பதியப்போகிறது. கோபுரப் படம் எங்கும் கிடைக்கும். முகம் அதன் சொந்த நிறத்தில் இருக்கட்டும்.